தோளுக்கேற்ற கட்டை

திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரரைத் தரிசித்துவிட்டு, கெடில ஆறு கடலோடு கலக்கும் கிழக்குத் திசையில் செல்பவர், தேவனாம்பட்டினத்தில் சிதைந்து கிடக்கும் புனித டேவிட் கோட்டையின் எச்சங்களைக் காணலாம். 1690-இல் செஞ்சியிலிருந்த மராட்டிய மன்னர் இராஜாராமிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியார் அதை விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை பூமி அவர்களுடையது என்பது உடன்படிக்கை; அந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் நெடுங்காலம் குண்டு கிராமங்கள் என்றே வழங்கின. பீரங்கியின் சரித்திரம் பிரசித்தமானது. அதே கோட்டையில் சிப்பாயின் தோளை அழுத்திய துப்பாக்கிக் கட்டையைப் பற்றிப் பேசுவோர் அரியர்.

1748-இல் மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் இங்கு வந்து கம்பெனிப் படைகளைச் சீர்படுத்தினார். அவ்வாண்டே கடலூரின்மேல் இரவில் பாய்ந்த பிரெஞ்சுப் படையையும் விரட்டினார். படைக்கென்று செய்த அக்காலத்து மஸ்கட்டுத் துப்பாக்கி, ஆளுக்கு அளவெடுத்துச் செய்ததன்று. நெட்டையனுக்கும் குட்டையனுக்கும் ஒரே கட்டைதான். கட்டை மிஞ்சினால் தோளுக்கு ஏற்றும்போது அக்குளில் சிக்கும். குறைந்தால், துப்பாக்கி உதைக்கும் வேகத்தில் சுடுவோனின் பெருவிரல் அவன் மூக்கிலேயே மோதும். வரிசையாக நின்று ஒருங்கே சுடுவது போர்முறையாயிருந்தமையால், ஒருவன் குறி தவறுவது பெருநஷ்டமாகக் கருதப்படவில்லை. வலியோ அவன் சரீரத்துக்கே உரியதாயிற்று. இதை அநீதி என்றே சொல்லுவேன்.

மாற்றம் பறவை வேட்டையின் வழியே வந்தது. ரவைத் துப்பாக்கியில் பின்குறி கிடையாது; சுடுவோனின் கண்ணே பின்குறி. ஆதலால் கன்னம் படியும் மேல்விளிம்பு சிறிது தாழ்ந்தாலும் கண் தாழ்ந்து ரவை இலக்கின் கீழே போகும். உயர்ந்தால் மேலே போகும். இதனையுணர்ந்த இங்கிலாந்துத் துப்பாக்கிக் கம்மியர், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கீலும் திருகும் வைத்த மாதிரித் துப்பாக்கி ஒன்றை அமைத்து, தையற்காரன் சட்டைக்கு அளவெடுப்பதுபோல், வாடிக்கைக்காரரின் கை நீளம், கழுத்து, கன்னம் ஆகியவற்றுக்கு இசையத் திருகித் திருகிச் சுடவிட்டு, அந்த அளவின்படியே வால்நட் மரத்தில் கட்டை செதுக்கிக் கொடுத்தனர். ராணுவமும் பிறகு விழித்தது: 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து லீ-என்ஃபீல்டு துப்பாக்கிக்கு நெடியது, நடுத்தரம், குட்டை, அதனினும் குட்டை என நால்வகைக் கட்டைகள், அரையரை அங்குல பேதத்தில் வந்தன.

இன்று அந்தத் திருகு துப்பாக்கியிலேயே இருக்கிறது. டிராப் போட்டியில் களிமண் தட்டு மேல்நோக்கியே பறப்பதால், அதில் சுடுவோர் கன்னப் பலகையைச் சற்று உயர்த்தி வைத்துக்கொள்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அப்போட்டியில் இந்தியாவுக்காகச் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமான், கர்நாடகப் போர்களில் கம்பெனிக்குத் துணைநின்ற புதுக்கோட்டைத் தொண்டைமான் வமிசத்தவர். நம் பயிற்சிக் களங்களில் சிறுவர் சிறுமியர் கையில் துப்பாக்கியைக் கொடுக்கும் ஆசிரியர்கள், இலக்கைக் காட்டுமுன் கட்டையை அவர்கள் தோளுக்கு அளந்து பார்ப்பார்களாக.