1965 ஜூலை: வியட்நாம் போரை அமெரிக்கா பெரிதாக்கிய விதம்

வியட்நாம் போரை அமெரிக்கா தன் சொந்தப் போராக ஏற்றுக்கொண்டது 1965 ஜூலை மாதத்தில். 1964 இறுதியில் தென் வியட்நாமில் ஏறத்தாழ 23,000 அமெரிக்கப் படையினர் இருந்தனர். உள்ளூர் ராணுவத்துக்கு ஆலோசனை சொல்வதே அவர்களுடைய பணி என்று கூறப்பட்டது. நான்கே ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. இந்த ஏற்றத்துக்கான தீர்மானம் அதிபர் லிண்டன் ஜான்சனும் அவருடைய ஆலோசகர்களும் நடத்திய தொடர் கூட்டங்களில் உருவானது.

போருக்கான அதிகாரம் அதற்கு முன்பே ஜான்சன் கையில் இருந்தது. டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இருமுறை தாக்கப்பட்டதாகக் கூறி, 1964 ஆகஸ்ட் 7-ல் நாடாளுமன்றத்தின் ஒப்புதலை அவர் பெற்றார். மேலவையில் இருவர் மட்டுமே எதிர்த்து வாக்களித்தனர். இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பின்னர் தெளிவானது. 1965 மார்ச்சில் வட வியட்நாம்மீது தொடர் குண்டுவீச்சு தொடங்கியது. விமானத் தளத்தைக் காக்க மார்ச் 8-ல் டா நாங் கடற்கரையில் சுமார் 3,500 மரைன் படையினர் இறங்கினர்.

குண்டுவீச்சு எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. தென் வியட்நாம் தலைநகர் சைகோனில் ஆட்சிகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்தன. தென் வியட்நாம் ராணுவம் களத்தில் தோற்றுக்கொண்டிருந்தது. ஜூன் 7-ல் தளபதி வில்லியம் வெஸ்ட்மோர்லண்ட் கூடுதல் படை கேட்டுத் தந்தி அனுப்பினார். மொத்தம் 44 பட்டாலியன்கள் தேவை என்பது அந்தக் கோரிக்கையின் சாரம். அவற்றில் 34 அமெரிக்கப் படைகள். மீதியை நட்பு நாடுகளிடமிருந்து பெறுவதாகத் திட்டம்.

ஆலோசகர்களில் பெரும்பாலோர் இதை ஆதரித்தனர். பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்நமாரா, வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க், தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டி ஆகியோர் இந்த அணியில் இருந்தனர். தென் வியட்நாம் வீழ்ந்தால் அமெரிக்காவின் வாக்குறுதியை எந்த நாடும் நம்பாது என்பது அவர்கள் வாதம். பாதுகாப்புத் துறை அதிகாரி ஜான் மெக்நாட்டன் மார்ச்சில் எழுதிய குறிப்பு இந்த மனநிலையைத் துல்லியமாகக் காட்டுகிறது. அமெரிக்காவின் நோக்கங்களில் 70 விழுக்காடு அவமானகரமான தோல்வியைத் தவிர்ப்பது. 20 விழுக்காடு சீனாவின் கைக்கு அந்நிலம் போகாமல் தடுப்பது. தென் வியட்நாம் மக்களின் நல்வாழ்வுக்கு 10 விழுக்காடு மட்டுமே.

எதிர்த்தவர்களும் இருந்தனர். பிப்ரவரியில் துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ப்ரி எச்சரிக்கைக் குறிப்பு ஒன்றை எழுதினார். அதன்பின் வியட்நாம் பற்றிய முக்கிய ஆலோசனைகளிலிருந்து அவர் ஒதுக்கிவைக்கப்பட்டார். வெளியுறவுத் துறையின் ஜார்ஜ் பால் 1964 அக்டோபரிலேயே 67 பக்கக் குறிப்பில் போரின் அடிப்படைகளைக் கேள்விக்குள்ளாக்கியிருந்தார். 1965 ஜூலை 1-ல், இழப்பைக் குறைத்துக்கொண்டு சமரசம் காணலாம் என்று அதிபருக்கு மீண்டும் எழுதினார்.

ஜூலை 21-ல் வெள்ளை மாளிகையில் நடந்த கூட்டத்தில், காட்டில் நடக்கும் கொரில்லாப் போரில் அமெரிக்கா வெல்ல முடியாது என்று பால் வாதிட்டார். 1938-ல் மியூனிக்கில் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்ததைச் சுட்டித் தூதர் ஹென்றி கேபட் லாட்ஜ் அதை மறுத்தார். மறுநாள் முப்படைத் தளபதிகளுடன் நடந்த கூட்டத்தில், வெற்றிக்கு ஐந்து ஆண்டுகளும் ஐந்து லட்சம் வீரர்களும் வேண்டும் என்று மரைன் தளபதி வாலஸ் கிரீன் கூறினார். ஜூலை 25-ல் கேம்ப் டேவிட்டில், அதிபரின் நெடுநாள் நண்பரும் வழக்கறிஞருமான கிளார்க் கிளிஃபர்ட், ஐந்து ஆண்டுகளும் 50,000 உயிர்களும் பறிபோகக்கூடும் என்று எச்சரித்தார்.

ஆனால் இந்த விவாதங்கள் தொடங்கும் முன்பே முடிவு பெருமளவு உருவாகியிருந்தது. சைகோனில் இருந்த மெக்நமாராவுக்கு, அவருக்கு அடுத்த நிலையில் இருந்த சைரஸ் வான்ஸ் ஜூலை 17-ல் தந்தி அனுப்பினார். 34 பட்டாலியன் திட்டத்தை நிறைவேற்றுவதே அதிபரின் அப்போதைய எண்ணம் என்று அது தெரிவித்தது.

ஜான்சனின் தயக்கம் போரின் அளவைப் பற்றியும் அதை மக்களிடம் எப்படிச் சொல்வது என்பதைப் பற்றியும் இருந்தது. ரிசர்வ் படையை அழைத்தால் நாடே போர்க்கோலம் பூணும். முதியோர் மருத்துவக் காப்பீடும் கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டமும் நாடாளுமன்றத்தில் சிக்கிக்கொள்ளும் என்று அவர் அஞ்சினார். சீனா நேரடியாகப் போரில் இறங்கிவிடுமோ என்ற கவலையும் இருந்தது. கொரியாவில் 1950-ல் அதுவே நடந்திருந்தது.

எனவே ஜூலை 28-ல் செய்தியாளர்களிடம் அவர் அடக்கியே பேசினார். படை 75,000-லிருந்து 1,25,000 ஆகும். கட்டாய ராணுவச் சேவைக்கு மாதந்தோறும் எடுக்கப்படுவோர் 17,000-லிருந்து 35,000 ஆவர். ரிசர்வ் படை அழைக்கப்படாது. மேலும் படைகள் அனுப்பும் திட்டம் கையில் இருந்தும், தேவைப்பட்டால் அனுப்புவோம் என்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்த ஆண்டின் முடிவில் அமெரிக்கப் படை சுமார் 1,84,000 ஆகியிருந்தது.

1968 ஜனவரி இறுதியில் எதிர்த்தரப்பு நடத்திய டெட் தாக்குதலுக்குப் பின் தளபதிகள் மேலும் 2,06,000 பேரைக் கேட்டனர். இம்முறை பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் கிளிஃபர்ட். கோரிக்கையை அடியோடு ஆராய்ந்த அவர், வெற்றிக்கான திட்டம் எதுவும் தளபதிகளிடம் இல்லை என்று கண்டார். 1965-ல் போரை ஆதரித்த முன்னாள் வெளியுறவு அமைச்சர் டீன் அச்சிசன் போன்ற மூத்தவர்களும் விலகும்படி அறிவுறுத்தினர். மார்ச் 31-ல் குண்டுவீச்சைக் கட்டுப்படுத்திய ஜான்சன், மீண்டும் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்றும் அறிவித்தார்.

1975 ஏப்ரல் 30-ல் சைகோன் வீழ்ந்தது. அதற்குள் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கரும், அவர்களைவிடப் பன்மடங்கு வியட்நாமியரும் மாண்டிருந்தனர். எதிர்க்கருத்தைச் சொல்ல 1965-ல் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் சொன்னது அதிபரின் காதிலும் விழுந்தது. ஆனால் போரைத் தொடர்வதா என்ற கேள்விக்கு விடை கண்டபின், எவ்வளவு படை என்பதையே அந்தக் கூட்டங்கள் எடைபோட்டன. முடிவை மாற்ற முடிகிற வேளையில் கேட்கப்படாத ஆலோசனை எத்தனை சரியானதானாலும் உயிர்களைக் காக்காது.