பாவாடையைக் கழற்றி வைத்த பாறை

ஆணைச் சாகசக்காரன் என்றால் தமிழில் அது பாராட்டு. பெண்ணைச் சாகசக்காரி என்றால் ஆளை மயக்கிக் காரியம் சாதிப்பவள் என்று பொருள். பாறையேற்றம், பனிச்சறுக்கு, பாராகிளைடிங், காட்டாற்றில் படகோட்டுவது என்று சாகச விளையாட்டுகளை வரிசையாக அறிமுகப்படுத்தும் நூல்கள் இதைப் பேசுவதில்லை. இங்கே மலையேற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதிவைக்கப்பட்ட வரலாறு அதற்கு நிறைய உண்டு. யார் எழுதினார்கள் என்பதும் தெரியும்.

ஆல்ப்ஸின் மோன் பிளாங் சிகரத்தில் 1787இல் விஞ்ஞானி சொஸ்யூர் ஏறினார். 18 வழிகாட்டிகளும் ஒரு பணியாளும் உடன் சென்றார்கள். 1808இல் அடிவாரத்து ஷமோனி ஊரைச் சேர்ந்த மாரி பாரடி என்ற ஏழைப் பெண் ஏறினார். கடைசிப் பகுதியில் மூச்சு வாங்கித் தளர்ந்தவரை வழிகாட்டிகள் இழுத்தும் தூக்கியும் கொண்டுபோனார்கள். 1838இல், 44 வயதில், பிரபுக் குடும்பத்து ஹென்ரியெத் தாஞ்செவில் ஏறினார். ‘சொந்த பலத்தில் ஏறிய முதல் பெண்’ என்ற பட்டம் அவருக்குப் போனது. அவரோடும் வழிகாட்டிகளும் சுமையாட்களும் போயிருந்தார்கள். சொஸ்யூர் யார் பலத்தில் ஏறினார் என்று எந்த நூலும் கேட்டதாக நான் பார்க்கவில்லை. வேலை செய்து பிழைத்த பெண்ணின் உடம்பைத்தான் எடைபோட்டுப் பார்த்தார்கள்.

லண்டனில் 1857இல் தொடங்கிய ஆல்பைன் கிளப் 1970களின் நடுப்பகுதி வரை பெண்களைச் சேர்க்கவில்லை. 1871இல் மேட்டர்ஹார்னில் ஏறிய முதல் பெண் லூசி வாக்கருக்கும் அங்கே இடமில்லை. அவரோடு போட்டியிட்ட அமெரிக்கப் பெண் மெட்டா பிரெவூர்ட் எழுதிய பயணக்கட்டுரை அந்தக் கிளப்பின் இதழில் வந்தது, சகோதரி மகன் கூலிட்ஜின் பெயரில்! ஏறியதும் அவர், எழுதியதும் அவர். பெயர் மட்டும் பையனுடையது.

உடை தனிக்கதை. எலிசபெத் லெ பிளாண்ட் ஊர்க்கண் மறைந்ததும் பாவாடையைக் கழற்றிப் பாறையருகே வைத்துவிட்டுக் காற்சட்டையோடு ஏறுவார். இறங்கும்போது மறுபடி உடுத்திக்கொண்டுதான் ஊருக்குள் வரமுடியும். பனியில் நனைந்த கம்பளிப் பாவாடையின் கனம் எப்படி இருக்கும் என்பது, மழையில் நனைந்த புடவையோடு நடந்தவர்களுக்குப் புரியும். 1907இல் பெண்களுக்கான ஆல்பைன் கிளப்பைத் தொடங்கி அதன் முதல் தலைவரானவர் அவர்தான். 1895இல் அன்னி பெக் மேட்டர்ஹார்னில் காற்சட்டையோடு ஏறியபோது, பத்திரிகைகள் மலையை விட்டுவிட்டுக் காற்சட்டையைப் பேசின. 1912இல் ஃபேனி புல்லக் வொர்க்மன் சியாச்சின் பனிப்பரப்பில், ‘பெண்களுக்கு வாக்குரிமை’ என்ற தலைப்பு தெரிய ஒரு செய்தித்தாளை விரித்துப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்.

எவரெஸ்ட்டுக்கு வருவோம். ஜப்பானின் ஜுன்கோ தபெய் 1969இல் பெண்களுக்கான மலையேற்றக் கிளப் தொடங்கினார். எவரெஸ்ட்டுக்குப் பணம் கேட்டுப் போனபோது, வீட்டிலிருந்து பிள்ளை வளர்க்கலாமே என்ற பதில்தான் கிடைத்தது. பியானோ சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தார். கார் இருக்கை உறைகளை வெட்டிக் கையுறை தைத்தார்கள். 1975 மே 4 அன்று பனிச்சரிவு கூடாரங்களைப் புதைத்தது. மயங்கிக் கிடந்தவரை ஷெர்ப்பாக்கள் தோண்டி எடுத்தார்கள். 12 நாள் கழித்து, மே 16இல், ஆங் செரிங்குடன் உச்சியில் நின்றார். மூன்று வயதுக் குழந்தையின் தாய் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. மே 27இல் வடக்குப் பக்கமாக ஏறிய திபெத்தியப் பெண் ஃபாந்தோக் மூன்று பிள்ளைகளின் தாய். ஏறிய தகப்பன்மார்களின் பிள்ளைகளை யாரும் எண்ணவில்லை.

மருத்துவமும் துணைக்கு வரும். பனிச்சறுக்குத் தாவலில் ஆண்கள் 1924 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறார்கள். அத்தனை உயரத்திலிருந்து தாவி இறங்குவது பெண்ணுடம்புக்கு ஏற்றதல்ல என்ற பேச்சு இந்த நூற்றாண்டிலும் ஒலித்தது. பெண்களுக்கு இடம் கிடைத்தது 2014இல்தான்.

தபெய்க்குப் பிறகு பல நாட்டுப் பெண்கள் எவரெஸ்ட்டில் ஏறினார்கள். 1984இல் இந்தியாவின் பச்சேந்திரி பால். அதே மலையின் அடிவாரத்தில் தலைமுறைகளாகச் சுமை தூக்கிய, விடுதிகளில் சமைத்துப் போட்ட ஷெர்ப்பாப் பெண்களில் ஒருத்தி உச்சிக்குப் போக 1993 ஆகிவிட்டது. மூன்று குழந்தைகளின் தாயான பசாங் லாமு ஷெர்ப்பா, முந்தைய முயற்சிகள் கைகூடாமல் போனபின், ஏப்ரல் 22இல் ஏறினார். நேபாளத்தின் முதல் பெண். இறங்கும் வழியில் வானிலை மோசமானது. உடம்பு சுகமில்லாத சக ஷெர்ப்பாவோடு அவரும் தங்கிப்போனார், திரும்பவில்லை. பிறகு அரசு அவருக்குச் சிலை வைத்தது.