கயிறு மாறுவதற்கு முன்

நரியைப் பரியாக்கிய திருவிளையாடலைப் படிக்கையில் நாம் விரைந்து கடந்துவிடும் இடம் ஒன்றுண்டு. குதிரை வணிகராக வந்த இறைவன் பாண்டியனிடம் பரிகளைக் கயிறு மாறி ஒப்படைக்கிறார். கயிறு கைமாறியதும் வணிகரின் பொறுப்பு தீர்ந்தது. இரவில் பரிகள் நரிகளானபோது தண்டனைக்கு உள்ளானவர் வாதவூரரே.

கரையேறிய குதிரைக்கு இவ்வழக்குப் போதும். கயிறு மாறுவதற்கு முன்பே, நடுக்கடலில் மடிந்த குதிரைக்கு யார் பொறுப்பு?

இதற்கு விடை பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப்பின் நூலில் கிடைக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய அவர், கீஷ் தீவின் ஜமாலுத்தீன் மாபாருக்கு, அதாவது பாண்டிய நாட்டுக் கரைக்கு, ஆண்டுதோறும் தம் சொந்தக் குதிரைகள் 1400 அனுப்ப ஒப்பந்தம் இருந்தது என்கிறார். குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார். இறந்த குதிரைக்கும் அரச கருவூலம் அதே விலையைத் தரவேண்டும் என்பது நிபந்தனை. ஆண்டுக்கு 10,000 குதிரைகள் என்ற அவருடைய மற்றொரு கணக்கைப் பலரும் பாண்டியருக்கே உரியதாக எடுத்தாள்கின்றனர். அது காம்பே முதலிய துறைமுகங்களையும் சேர்த்துச் சொன்னது.

இதனைக் காப்பீடு எனலாமா? நாம் தயங்குகிறோம். ஜெனோவாவில் 1347இல் எழுதப்பட்ட கடற்காப்பீட்டு ஆவணம் இன்றும் உள்ளது. அங்கே இழப்பை ஏற்பவர் வாங்குபவரோ விற்பவரோ அல்லர், மூன்றாமவர். இங்கோ வாங்குபவனே காப்பாளன். நூறு குதிரைகள் ஏற்றி இருபது மாண்டன என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எண்பது குதிரைக்கு 22,000 தீனார். உயிரோடு வந்த ஒவ்வொன்றின் விலை 275 ஆகிவிடுகிறது. குதிரையைப் பேணிக் கொணர்வதில் வணிகனுக்கு என்ன அக்கறை இருந்திருக்கும்?

கரையேறியவையும் நெடுநாள் வாழவில்லை. இந்நாட்டாருக்குக் குதிரை பேணத் தெரியாது, விற்பனை குறையுமென்று வணிகர்கள் குதிரை மருத்துவரை இங்கு வரவும் விடுவதில்லை என்கிறார் மார்க்கோ போலோ. அயலார் வாய்மொழியில் சற்று மிகை இருக்கலாம். எனினும், மரணம் மலிந்த சந்தையில் ஆதாயம் யாருக்கு என்பதை அவர் சரியாகவே கண்டிருக்கிறார். இப்பெரும்பணம் கோயில் வருவாயிலிருந்தும் தேவரடியார் மீதான வரியிலிருந்தும் வந்தது என்பது வஸ்ஸாப்பின் கூற்று. ஈரானிலிருந்து எழுதியவரின் சொல்லாதலால் நம் கல்வெட்டுகளோடு ஒப்பிடாமல் இதனை ஏற்பதற்கில்லை. நம் கல்வெட்டுகள் குதிரைச் செட்டிகளை அறியும்.

இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் இவ்வழக்கம் மறையவில்லை. விசயநகரத்துச் சாளுவ நரசிம்மன், உயிருள்ளதோ இறந்ததோ, மூன்று குதிரைக்கு ஆயிரம் பர்தாவ் கொடுத்தான் என்று 16ஆம் நூற்றாண்டில் எழுதுகிறார் போர்த்துகீசியர் நூனிஸ். கடலில் இறந்தவற்றுக்குச் சான்று வேண்டுமே? வணிகர்கள் வாலை மட்டும் அறுத்துக் கொண்டுவந்து காட்டினார்கள். முழுவிலையும் பெற்றுச் சென்றார்கள்.