புகைக்கு வழிவிட்ட வீடுகள்: வலியசாலை அடுக்களையும் எரிவாயுக் கணப்பும்

திருவனந்தபுரத்து வலியசாலை என்றதும் வரலாற்று மாணவர் நினைவில் எழுவது காந்தளூர்ச்சாலை. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் சாலை இவ்விடமா, விழிஞத்தை ஒட்டிய இடமா என்ற வாதம் இன்னும் முடிவுபெறவில்லை. அந்த வாதத்தின் நிழலில் கவனம் பெறாமல் போனது, மகாதேவர் கோயிலைச் சார்ந்த தமிழ் அக்கிரகாரத்தின் அடுக்களை. நெருப்பை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு மனிதர் எவ்வாறு பிழைத்தனர் என்பதற்கு அக்கிரகார வீடு ஒரு நல்ல சான்று.

பக்கச் சுவர்களைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கும் இவ்வகை வீட்டில் பக்கவாட்டுச் சன்னலுக்கு இடமில்லை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என நேர்கோட்டில் நீளும் அமைப்பில், காற்று வாசலில் நுழைந்து முற்றத்தின் வழியாகவும் கொல்லையின் வழியாகவும் வெளியேறும். அடுக்களைப் புகை கூரையோட்டின் இடுக்குகளிலும் மேலே விடப்பட்ட திறப்பிலும் கசிந்து போகும். விறகும் தென்னை மட்டையும் சிரட்டையும் எரிந்த கோட்டையடுப்பு, கொடியடுப்பு ஆகியவற்றுக்கு ஏற்ற ஏற்பாடு அது. அதைப் போற்றிப் பாடவும் வேண்டுவதில்லை. புகையின் பெரும்பகுதியைச் சுவாசித்தவர்கள் அடுப்பின் முன் அமர்ந்த பெண்கள். கண்ணும் நுரையீரலும் அதற்கு விலை கொடுத்தன. 1980களில் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் பரப்பிய புகைபோக்கி வைத்த ‘பரிஷத் அடுப்பு’, விறகைக் கைவிடாமலேயே அந்த இன்னலைக் குறைக்க முயன்றது. ஆயினும் விறகு நெருப்புக்கு ஒரு நேர்மை உண்டு: அதன் தீங்கு கண்ணுக்குத் தெரியும், கண் எரிந்தால் கதவைத் திறப்பார்கள்.

குமுட்டி அடுப்பில் அந்த எச்சரிக்கை இல்லை. கனன்ற கரியில் புகை குறைவு. ஆனால் கார்பன் மோனாக்சைடு மிகுதி. நிறமும் மணமும் அற்ற அவ்வாயு குருதியின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிடப் பன்மடங்கு இறுக்கமாகப் பிணைந்து, உறங்குபவரை எழுப்பாமலேயே கொல்லும். மலையூர்களில் குளிருக்கு அஞ்சிக் கரியடுப்பை மூடிய அறைக்குள் வைத்து உறங்கியோர் இறந்த செய்திகள் இன்றும் வருகின்றன. முற்றம் வைத்த வீட்டில் குமுட்டி பெருந்தீங்கு செய்யாமல் இருந்ததற்குக் காரணம் குமுட்டியன்று, முற்றமே.

அடுத்து வந்தது எரிவாயு உருளை. பர்மா ஷெல் நிறுவனம் 1955இல் மும்பையில் சமையல் எரிவாயுவை அறிமுகம் செய்தது. இந்தியன் ஆயில் 1965இல் கொல்கத்தாவில் ‘இண்டேன்’ இணைப்பு வழங்கத் தொடங்கியது. பின்வந்த பத்தாண்டுகளில் அது நாடெங்கும் பரவி, விறகுப் பரணை வெறுமையாக்கியது. இங்கே கவனிக்க வேண்டிய முரண் ஒன்றுண்டு. புகை மேலே எழுவது. ஆகவே பழைய அடுக்களையின் திறப்பு மேலே இருந்தது. புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த சமையல் எரிவாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து, உயர்ந்த வாசற்படிக்குள் தேங்கும். காற்றில் இரண்டு முதல் ஒன்பது விழுக்காடு வரை கலந்தாலே தீப்பற்றும். அதற்கு இயல்பில் மணமில்லை. மெர்காப்டன் சேர்த்தே மணமூட்டுகின்றனர். மேலே திறப்பு வைத்த வீட்டுக்குள், கீழே திறப்புக் கேட்கும் எரிபொருள் குடியேறியது. அதே காலத்தில் பல வீடுகளில் முற்றத்துக்குக் கூரை போடப்பட்டது. இருந்த வழியும் அடைபட்டது.

இதே பிழையை வேறு வடிவில் செய்து பார்த்த நாடு பிரிட்டன். 1952 டிசம்பரில் இலண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டம் 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்கு வழிவகுத்தது. வீட்டுக் கணப்புகளில் நிலக்கரி குறைந்தது. 1967 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகளில் நாடு முழுவதும் இயற்கை எரிவாயுவுக்கு மாற்றப்பட்டது. கரி போயிற்று, கரி கனலும் காட்சியின் மீதிருந்த பற்றுப் போகவில்லை. அதன் விளைவே நிலக்கரி எரிவதுபோல் தோன்றும் அலங்கார எரிவாயுக் கணப்பு. எரியாத பீங்கான் ‘கரித்துண்டு’களினூடே வாயுச்சுடர் மஞ்சளாக அலையும். மஞ்சள் சுடர் என்பது காற்றுப் போதாமல் எரியும் சுடர். அழகுக்காக வேண்டுமென்றே அவ்வாறு எரியவிடப்படுகிறது. எனவே அக்கணப்புக்குப் புகைபோக்கி உயிர்நாடி. துண்டுகளை உற்பத்தியாளர் காட்டிய வரிசை மாறாமல் அடுக்க வேண்டும். மாறினால் சுடர் தடைபட்டுக் கரி படியும், நச்சு வாயு பெருகும். ஆண்டுக்கொருமுறை தகுதிபெற்றவர் சோதிக்க வேண்டும். புகைபோக்கியில் பறவைக் கூடு அடைத்திருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். குளிர்காற்று வருகிறதென்று சுவரின் காற்றுத்துளையைத் துணியால் அடைக்கலாகாது.

அடுக்களை அடுப்புக்கு இதன் மறுபக்கம் பொருந்தும். அங்கே சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளானால், பாத்திரத்தடி கறுத்தால், பர்னரின் துளைகள் அடைபட்டுள்ளன என்பது பொருள். ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்குள் மாற்றுவது, உருளையை நிமிர்த்தி அடுப்பைவிடத் தாழ்வான மட்டத்தில் வைப்பது, இரவில் ரெகுலேட்டரை மூடுவது ஆகியவை எளிய கடமைகள். மணம் வந்தால் மின்விசைப் பொத்தானைத் தொடாமல், கொல்லைக் கதவையும் வாசற்கதவையும் அகலத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

வலியசாலை போன்ற தெருவில் இக்கடமை ஒரு குடும்பத்தோடு நிற்பதன்று. சுவர் பொதுவாயின் தீயும் பொதுவே. மரபு வீடுகளைப் பாதுகாப்போர் தூணையும் திண்ணையையும் அளந்து வரைகின்றனர். காற்று எவ்வழி நுழைந்து எவ்வழி வெளியேறியது என்பதையும் அவ்வரைபடத்தில் குறித்தல் வேண்டும். முற்றத்தை மூடுமுன் வீட்டார் பார்க்க வேண்டிய முதல் கோடு அதுவே.