எம்டன்: கப்பல் ஆளான கதை

“அவனா? சரியான எம்டன்!” புதுச்சேரிக் கடைத்தெருவில் இப்படிச் சொல்கிறவர் திட்டுகிறாரா, மெச்சுகிறாரா என்று சட்டெனப் பிடிபடாது. எந்தச் சிக்கலில் மாட்டினாலும் நழுவி வந்துவிடுகிறவன் எம்டன். வீட்டையே நடுங்க வைக்கும் அப்பாவும் எம்டன்தான்.

ஜெர்மனியின் வடமேற்கில், எம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள துறைமுக ஊர் எம்டன். அந்த ஊரின் பெயரை ஒரு ஜெர்மன் போர்க்கப்பலுக்கு வைத்தார்கள். அது நம் வாயில் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டதற்குப் பெயரின் கடைசி எழுத்துகளும் காரணம் என்று எனக்குப் படுகிறது. ‘அன்’ என்று முடிந்தால் தமிழ்க் காதுக்கு ஆண்பால். கள்ளன், சூரன், முரடன் வரிசையில் எம்டனும் உட்கார்ந்துகொண்டான். போதாதற்கு முன்பாதியில் எமன் வேறு ஒளிந்திருக்கிறான். மலையாளத்தில் ‘எமண்டன்’ என்றால் மிகப் பெரியது. அங்கே உருவம் தங்கியது, இங்கே தந்திரம்.

தந்திரத்துக்குக் குறைவில்லாத கப்பல்தான் அது. அதற்கு மூன்று புகைபோக்கிகள். நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்திக்கொண்டு, தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் கப்பல் போலத் தெரியும்படி வங்கக் கடலில் திரிந்தது. முதல் உலகப் போர் மூண்ட 1914இல், செப்டம்பர் 22 இரவு, தலைவன் கார்ல் ஃபான் முல்லர் அதைச் சென்னைக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினான். அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை முடிச்சோடு ரயில் ஏறினார்கள். நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை அடித்து நொறுக்கிவிட்டது. ஆனால் அதற்குள் பெயர் கரையேறிவிட்டது.

விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்று இன்றும் மேடையில் சொல்கிறார்கள். அப்போது அவர் இருந்தது ஐரோப்பாவில்.

பெயரோடு அச்சமும் கரையேறியது. அந்த அச்சம் வந்து நின்ற இடங்களில் ஒன்று புதுச்சேரி. 1908இல் பாரதி, 1910இல் அரவிந்தர், அதே ஆண்டு வ.வே.சு. ஐயர் என்று பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பியவர்கள் இங்கே இருந்தார்கள். ஊரார் அவர்களைச் சுதேசிகள் என்றார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் சட்டம், இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் சட்டம் என்பதே அவர்களுக்குக் காப்பு. போர் வந்ததும் இருவரும் ஒரே அணி. சுதேசிகளுக்கு எம்டனோடு தொடர்பு இருக்கும் என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ள, அவர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடும்படி பிரிட்டிஷார் பிரெஞ்சு அரசை நெருக்கினார்கள். நாடு கடத்திவிடுவார்கள், அதற்குள் ஏதாவது விட்டுச் செல்ல வேண்டும் என்று ஐயர் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்க்க உட்கார்ந்தார். ஜெர்மன் பீரங்கிக்குக் குறள் மொழிபெயர்ப்பிலும் ஒரு பங்கு உண்டு போலும்! அரவிந்தர் ஊரை விட்டு நகர மறுத்தார்.

எல்லைக்கு வெளியே வேறு பொறி காத்திருந்தது. எம்டன் வருவதற்குச் சில நாள் முன்பே, இந்தியாவுக்குள் நுழைகிறவர்களைத் தடுக்கவும் அடைத்து வைக்கவும் ஓர் அவசரச் சட்டம் பிறந்திருந்தது. 1915இல் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விசாரணை இல்லாமலே ஆளைக் காவலில் வைக்கலாம். உள்ளூர் ஜெர்மானியர் கதை தனி. தரங்கம்பாடிப் பக்கம் பள்ளியும் கோயிலும் நடத்திய லைப்சிக் மிஷன் பாதிரிமார்கள் பகை நாட்டார் ஆனார்கள். பலர் முகாமுக்குப் போனார்கள், பிறகு கப்பலேற்றப்பட்டார்கள். ஆனால் சட்டம் ஜெர்மானியரோடு நிற்கவில்லை. 1917இல் உதகையில் காவலில் வைக்கப்பட்ட அன்னி பெசன்ட் லண்டனில் பிறந்தவர்.

இலங்கையில் இன்னும் மோசம். யால காட்டின் காவலர் எங்கல்பிரெக்ட், தென்னாப்பிரிக்கப் போரில் பிடிபட்டு வந்த போயர். பிரிட்டிஷ் அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்தவர். எம்டனுக்கு இறைச்சி கொடுத்தார் என்று ஒரு வதந்தி. அதற்காகச் சிறையில் போட்டார்கள். குற்றம் பொய் என்று பின்னால் தெரிந்தது.

அதே காலத்து அமெரிக்காவில் ஜெர்மன் பெயர்களைத் தேடித் தேடி அழித்தார்கள். ஜெர்மானியரின் புளித்த கோஸுக்குக்கூட ‘சுதந்திர கோஸ்’ என்று பெயர் சூட்டினார்கள். 1918இல் இல்லினாய் மாநிலத்தில் ராபர்ட் பிராகர் என்ற சுரங்கத் தொழிலாளியை ஒரு கும்பல் தூக்கில் தொங்கவிட்டது. இங்கே ஆள்பவர்களுக்குத்தான் எம்டன் என்ற பெயர் கசந்தது. ஆளப்பட்டவர்களுக்கு அதில் ஒரு ரகசிய மகிழ்ச்சி. வெள்ளைக்காரன் கண்ணிலேயே மண்ணைத் தூவியவன் ஆயிற்றே! ‘எம்டன்’ வசையாகவே நின்றுவிடாமல் பாதி பாராட்டாக வளர்ந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

போர் 1918 நவம்பர் 11இல் ஓய்ந்தது. சட்டம் ஓயவில்லை. ஒன்பது நாள் கழித்துப் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய பாரதியைக் கடலூர் அருகே பிடித்தார்கள். டிசம்பர் 14 வரை சிறை, விடுதலையும் நிபந்தனைகளோடுதான். போர்க்கால அதிகாரத்தை அமைதிக் காலத்துக்கும் நீட்டிக்க அடுத்த ஆண்டே ரௌலட் சட்டம் வந்தது.

சொல்லின் கதையில் கடைசியாக ஓர் அரசாணைச் சிக்கல். 2006இல் ‘எம்டன் மகன்’ என்று ஒரு படம் எடுத்தார்கள். தமிழ்ப் பெயர் வைத்தால் கேளிக்கை வரி விலக்கு என்பது அப்போதைய விதி. ‘எம்டன்’ தமிழ்ச் சொல் இல்லை என்பதால், படம் ‘எம் மகன்’ ஆகித் திரைக்கு வந்தது.