முழக்கமும் நட்பும்: 'மிமினோ' கூறும் வரலாறு

நட்பு இருவர் நெஞ்சத்தில் தோன்றி, அவர்தம் பழக்கத்தால் வளர்வது. அதனை ஓர் அரசு தன் கொள்கையாக அறிவித்துப் பதக்கத்திலும் கல்லிலும் பொறிக்கும்போது அதற்கு என்ன நேர்கிறது? வரலாற்று மாணவர் ஆராயத்தக்க வினா இது. இதற்கு விடை தேடுவோர் அரசாணைகளையும் தலைவர்தம் பேருரைகளையும் புரட்டுவதோடு நின்றுவிடலாகாது; மக்கள் கண்டு சிரித்த படங்களையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும். 1977-ஆம் ஆண்டு மாஸ்கோவின் மோஸ்பிலிம் நிறுவனம் உருவாக்கிய 'மிமினோ' என்னும் நகைச்சுவைப் படம் அத்தகைய சான்றுகளுள் ஒன்று.

அரசு வகுத்த நட்பு

'மக்களினங்களின் நட்பு' என்னும் தொடரை 1935 டிசம்பரில் ஸ்டாலின் தம் உரையொன்றில் முன்வைத்தார். அன்று முதல் அது சோவியத் ஒன்றியத்தின் தலையாய முழக்கங்களுள் ஒன்றாயிற்று. 1939-இல் அப்பெயரில் ஓர் இலக்கிய இதழ் தோன்றியது. 1954-இல் மாஸ்கோப் பொருட்காட்சித் திடலில், அந்நாளில் இருந்த 16 குடியரசுகளையும் குறிக்கும் 16 மகளிர் சிலைகளோடு ஒரு நீரூற்று எழுந்தது; அதற்கும் அப்பெயரே சூட்டப்பட்டது. ஒன்றியத்தின் 50-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1972-இல் அதே பெயரில் ஓர் அரசு விருதும் நிறுவப்பட்டது.

முழக்கம் ஒருபுறம் ஒலிக்க, நடப்பு வேறாக இருந்தது. 1937-இல் தூரக் கிழக்கில் வாழ்ந்த கொரிய மக்கள் நடு ஆசியாவுக்குப் பெயர்த்து அனுப்பப்பட்டனர். 1944-இல் செச்சென் மக்களும் கிரிமியத் தாத்தாரியரும் தம் மண்ணிலிருந்து அகற்றப்பட்டனர். நட்பின் பெயரால் ஆண்ட அரசே, மக்களினங்களை இனம் இனமாகத் தண்டித்தது.

ஓர் அறையில் இருவர்

இத்தகைய நாட்டில், அதிகாரிகளின் கண்முன்னேயே, உண்மையான நட்பைப் பற்றிப் படமெடுத்தவர் கியோர்கி தானேலியா. 1930-இல் திபிலிசியில் பிறந்து மாஸ்கோவில் வளர்ந்தவர் இவர். ரெவாஸ் கப்ரியாட்ஸே, விக்டோரியா தோக்கரேவா ஆகியோருடன் சேர்ந்து இவர் திரைக்கதையை எழுதினார். இசையமைத்தவர் கியா கஞ்சேலி.

கதைத்தலைவன் வாலிக்கோ, ஜார்ஜிய மலைப்பகுதியில் ஹெலிகாப்டர் ஓட்டுபவன். ஊரார் அவனை 'மிமினோ' என்றழைப்பர். ஜார்ஜிய மொழியில் அது வல்லூறு இனப் பறவையைக் குறிக்கும். பெரிய பயணிகள் விமானம் ஓட்ட வேண்டும் என்னும் வேட்கையுடன் அவன் மாஸ்கோ வருகிறான். அங்கே 'ரஷ்யா' விடுதியில், திலிஜான் ஊரைச் சேர்ந்த ஆர்மீனிய லாரி ஓட்டுநர் ரூபிக் கச்சிக்கியான் அவனுக்கு அறைத் தோழன் ஆகிறான். வாலிக்கோவாக வக்தாங் கிக்காபிட்ஸேயும் ரூபிக்காக புரூன்சிக் மிக்ரிச்சியானும் நடித்தனர்.

ரூபிக்குக்கு அறை கிடைத்த விதமே நகைச்சுவைக்கு வித்தாகிறது. கச்சிக்கியான் என்னும் மருத்துவப் பேராசிரியர் ஒருவருக்கு ஒதுக்கிய இடம், பெயரொற்றுமையால் இவனுக்குத் தரப்படுகிறது. மெய்யான பேராசிரியர் வந்ததும் நண்பர் இருவரும் வெளியேற்றப்படுகின்றனர். மாஸ்கோவில் விடுதி அறை பெறுவது எளிய மக்களுக்கு எத்துணை அரிது என்பதை அக்கால மக்கள் நன்கறிவர். எனவே அவர்கள் சிரித்த சிரிப்பில் பட்டறிவும் கலந்திருந்தது.

ஜார்ஜியமும் ஆர்மீனியமும் அண்டை நாட்டு மொழிகளாயினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. இரண்டும் தத்தமக்கெனத் தனி எழுத்து உடையவை. ஆகவே நண்பர் இருவரும் ரஷ்ய மொழியில், தத்தம் உச்சரிப்போடும் இலக்கணப் பிழைகளோடும் உரையாடுகின்றனர். மலைநாட்டாரை எள்ளி நகையாடும் படம் இது என்று சிலர் குறை கூறக்கூடும். கூர்ந்து நோக்கின், நகைப்புக்கு இலக்காவது அவர்தம் மொழியன்று, அறை தரவும் மறுக்கவும் அதிகாரம் பெற்ற மேசைகளே என்பது விளங்கும். இருவரும் தத்தம் ஊர்ப்பெருமை பேசிப் பூசலிடுவர். தன் ஊர்க் குழாய்த்தண்ணீர் உலகிலேயே இரண்டாம் இடம் பெற்றது என்பான் ரூபிக். எனினும் ஒருவனுக்கு இடர் வந்துழி மற்றவன் நீங்குவதில்லை. வாலிக்கோ நீதிமன்றத்தில் நிற்க நேரும்போது, அவனைக் காக்கும் ஆர்வத்தோடு சான்று கூற வந்த ரூபிக், வழக்கை மேலும் சிக்கலாக்கிவிடுகிறான். ஆயினும் அவன் அன்பை எவரும் ஐயுறுவதில்லை.

ஒரு தொலைபேசி அழைப்பு

படத்தின் உயிர்நிலை ஒரு தொலைபேசிக் காட்சியாகும். வெளிநாடு செல்லும் விமானியாகிவிட்ட வாலிக்கோ, அயல்நாட்டிலிருந்து ஜார்ஜியாவின் தெலாவி நகருக்குப் பேச முயல்கிறான். இணைப்பு இஸ்ரேலின் தெல் அவிவ் நகருக்குச் செல்கிறது. அங்கே தொலைபேசியை எடுப்பவரோ ஜார்ஜியாவிலிருந்து குடிபெயர்ந்த யூதர். முன்பின் அறியாத இருவர், தாயகத்தின் நினைவால் பிணைந்து, தொலைபேசி வழியே சேர்ந்து பாடுகின்றனர்.

சோவியத் ஒன்றியம் 1967-இல் இஸ்ரேலுடன் அரசுறவை முறித்திருந்தது. 1970-களில் ஜார்ஜிய யூதர் பலர் அங்குக் குடியேறினர். பிரிந்து போனோரைப் பற்றிப் பரிவுடன் பேசுவது அந்நாளில் விரும்பப்படாத செயல். மாஸ்கோத் திரைப்பட விழாவுக்கான படியிலிருந்து இக்காட்சியை நீக்க நேர்ந்ததைத் தானேலியா பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். அவ்விழாவில் படம் தங்கப் பரிசு பெற்றது. அரசின் பட்டியலில் அடங்காத நட்பு ஒன்றை இக்காட்சி காட்டியது என்பதே அதற்கு வந்த இடையூற்றின் காரணம் எனலாம்.

காலம் செய்த தேர்வு

1991-இல் ஒன்றியம் கலைந்தது. அதற்கு முன்னரே, 1988 முதல், ஆர்மீனியருக்கும் அசர்பைஜானியருக்கும் இடையே கரபாக் பூசல் மூண்டிருந்தது. 1989 ஏப்ரலில் திபிலிசித் தெருவில் படையினர் மக்களைத் தாக்கினர். ஆர்மீனியா மின்சாரமும் வெப்பமும் இன்றித் தவித்த 1993-ஆம் ஆண்டின் இறுதியில் மிக்ரிச்சியான் மறைந்தார். 2008 ஆகஸ்டில் ரஷ்யாவும் ஜார்ஜியாவும் போரிட்டன. ரஷ்ய அரசு கிக்காபிட்ஸேக்கு அறிவித்திருந்த விருதின் பெயர் 'நட்பு விருது'. போரைக் கண்ட அவர் அதனை ஏற்க மறுத்தார். ரஷ்யாவில் தாம் பெற்றிருந்த பெரும்புகழையும் மேடைகளையும் இழக்க நேரும் என்று அறிந்தே அவர் அங்ஙனம் செய்தார். 2019-இல் தானேலியாவும் 2023-இல் கிக்காபிட்ஸேயும் காலமாயினர். நண்பர் இருவரும் தங்கிய 'ரஷ்யா' விடுதியும் 2006-இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது.

படம் மட்டும் அழியவில்லை. திபிலிசியிலும் திலிஜானிலும் இதன் கதைமாந்தருக்குச் சிலைகள் உள்ளன. ஆணையிட்டு வளர்த்த நட்பு, ஆணையிட்ட அரசோடு போயிற்று. விடுதியிலிருந்து ஒருசேர வெளியேற்றப்பட்ட இரு எளிய மனிதரின் நட்பையோ, பகைகொண்ட நாடுகளின் மக்களும் தம்முடையதாகப் போற்றுகின்றனர். வரலாற்றைக் கற்பிப்போரும் கற்போரும் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணல் வேண்டும். நட்பு விருதை மறுத்த கிக்காபிட்ஸே நட்பை மறுத்தாரல்லர். அதன் பெயரைப் போரிடும் அரசின் கையிலிருந்து பெற்றுக்கொள்ளவே மறுத்தார்.