அச்சு வரிசையின் வரலாறு: யுனிக்ஸ் முறைமையும் ஊவாத் தோட்டத்து ஆவணங்களும்

மலையகத் தமிழரின் வரலாறு ஒருவகையிற் தாள்களின் வரலாறாகவும் அமைந்துள்ளது. பதுளை, பசறை, லுணுகலை, ஹப்புத்தளை முதலிய ஊவாப் பகுதித் தோட்டங்களிலே தொழிலாளரின் ஒவ்வொரு நாளும் பிரட்டுக் களத்திற் செக்ரோலில் பேர் விழுவதுடன் தொடங்கிற்று. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குச் செல்வதற்கும் தாளே வேண்டியிருந்தது. இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இத்தொழிலாளர் விடுவிக்கப்படுவர் என எழுதப்பட்ட அத்தாள் ‘துண்டு’ எனப்பட்டது. அத்துண்டு முறை 1921 இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் தாளின் ஆட்சி ஒழியவில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள், 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துக் காத்திருந்தனர். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்விண்ணப்பங்களில் அடங்கினர். அவர்களுள் ஏறத்தாழ 134,000 பேரே அச்சட்டத்தின்வழி உரிமை பெற்றனர். ஏனையோரின் நிலை 1964, 1974 ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளுக்கும் 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்களுக்கும் காத்திருந்தது.

இவ்வரலாறு இரு வினாக்களை எழுப்புகின்றது. தாள்கள் எந்த ஒழுங்கிற் காத்திருக்கின்றன என்பது ஒன்று. அவை எந்த மொழியில் வெளிவருகின்றன என்பது மற்றொன்று. இன்று ஓர் அலுவலகத்திற் தாள் பிறப்பது கணினியிலும் அதனோடிணைந்த அச்சுப்பொறியிலுமே. அங்கும் ஒரு வரிசை உண்டு. அவ்வரிசைக்கும் ஒரு வரலாறு உண்டு. யுனிக்ஸ் முறைமையில் அவ்வச்சு வரிசை எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதையும், அதனை அமைப்போரின் தீர்மானங்கள் ஊவா மக்களின் ஆவணங்களை எவ்வாறு தொடக்கூடும் என்பதையும் நோக்குதல் பயனுடையதாகும்.

அச்சு வரிசையின் தேவை வேக வேறுபாட்டிலிருந்து பிறந்ததாகும். கணினி கணக்கிடும் வேகத்துக்கு அச்சுப்பொறி ஈடுகொடுக்க இயலாது. ஆகவே வெளியீட்டை முதலில் நாடாவிலோ வட்டிலோ எழுதி வைத்துப் பின்னர் ஆறுதலாக அச்சிடும் வழக்கம் பெருங்கணினிகளின் காலத்திலேயே ஏற்பட்டது. இதனை ‘ஸ்பூலிங்’ என்பர். ஒருவர் தமது கோப்பை ஒப்படைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். கோப்பு தன் முறைக்காகக் காத்திருக்கும்.

யுனிக்ஸ் முறைமை 1969 இல் ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோரின் முயற்சியால் உருவாகத் தொடங்கியது. அது நிலைபெற்றதற்கு அச்சுத் தேவையே துணைநின்றது என்பது பலரும் அறியாத செய்தியாகும். புதிய கணினி ஒன்றைப் பெறுவதற்கு ஆய்வாளர் காட்டிய நியாயம் ஆவணத் தயாரிப்பே. 1971 இல் அவ்வாய்வுகூடத்தின் காப்புரிமைப் பிரிவைச் சேர்ந்த தட்டெழுத்தாளர்கள் காப்புரிமை விண்ணப்பங்களைத் தயாரிக்க யுனிக்ஸைப் பயன்படுத்தலாயினர். பிற்காலத்தில் உலகின் பெருங்கணினிகளிலும் கைபேசிகளிலும் பரவிய ஒரு மரபின் முதற் பயனாளருள் விண்ணப்பத் தாள்களைத் தட்டெழுதியோரும் இருந்தனர். பின்னர் ஜோ ஒசன்னா எழுதிய ‘ட்றொஃப்’ என்னும் நிரல், எழுத்துக்களை ஒளி அச்சுக்கோப்புப் பொறிக்கு ஏற்றவாறு ஒழுங்குசெய்தது.

அச்சு வரிசை முழுவடிவம் பெற்றது கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்திலாகும். 1983 இல் வெளியான பேர்க்கிலி யுனிக்ஸின் 4.2 ஆம் பதிப்பிலே, வலையமைப்பினூடாக ஒரு கணினியின் கோப்பை இன்னொரு கணினியோடு இணைந்த அச்சுப்பொறிக்கு அனுப்பும் வசதி அமைந்தது. அதன் கையேட்டை றால்ஃப் கெம்பெல் எழுதினார். இம்முறையின் நடைமுறை எளிமையானது. பயனாளர் ‘எல்பிஆர்’ என்னும் கட்டளையால் கோப்பை ஒப்படைப்பார். அது வரிசைக்கென ஒதுக்கிய அடைவில் இரு கோப்புகளாக வைக்கப்படும். அனுப்பியவர் யார், எந்தக் கணினியிலிருந்து அனுப்பினார், வேலையின் தலைப்பு யாது என்பனவற்றைக் கட்டுப்பாட்டுக் கோப்புக் கூறும். அச்சிடவேண்டிய உள்ளடக்கம் தரவுக் கோப்பில் இருக்கும். ‘எல்பிடி’ எனப்படும், பின்னணியில் ஓயாது காத்திருக்கும் நிரல், அவற்றை முறைப்படி எடுத்து அச்சுப்பொறிக்குச் செலுத்தும்.

அச்சுப்பொறி ஒவ்வொன்றின் இயல்பும் ‘பிரின்ற்கெப்’ என்னும் ஒரே கோப்பில் எழுதப்பட்டது. வரிசையின் அடைவு எது, பிழைக் குறிப்புகள் எங்கே எழுதப்படும், எந்த வடிகட்டியினூடாக உள்ளடக்கம் செல்லும், அச்சுப்பொறி தொலைவிலாயின் எக்கணினியில் உள்ளது என்பனவெல்லாம் ஈரெழுத்துக் குறிகளாற் குறிக்கப்பட்டன. ஏற்கத்தக்க கோப்பின் உச்ச அளவும் அங்கேயே குறிக்கப்பட்டது. அதற்குப் பூச்சியம் என எழுதினால் வரையறை நீங்கிவிடும். ஒருவரின் நீண்ட ஆவணம் முழுமையாக அச்சாவதும் ஆகாததும் நிருவாகி எழுதிய அந்த ஓர் எண்ணைப் பொறுத்திருந்தது.

வரிசையின் ஒழுங்கிலும் அதிகாரம் பொதிந்திருந்தது. ‘எல்பிகியூ’ என்னும் கட்டளை, வரிசையில் யாருடைய வேலை எத்தனையாவதாக நிற்கின்றது என்பதை எவருக்கும் காட்டியது. ‘எல்பிஆர்எம்’ என்பதாற் சாதாரண பயனாளர் தமது வேலையை மாத்திரமே நீக்கலாம். ஆயின் ஒரு வேலையை வரிசையின் தலைக்கு உயர்த்தும் கட்டளை நிருவாகியின் கையில் மட்டும் இருந்தது. முந்தி வந்தவர்க்கு முதலிடம் என்பது விதி. அவ்விதியை மாற்றும் உரிமை ஒருவருக்கே உரியது. எனினும் காத்திருப்போர் யாவரும் தமது இடத்தைத் தாமே அறியக்கூடியதாயிருந்தமை இம்முறையின் சிறப்பாகும். 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துக் காத்திருந்த தோட்டத் தொழிலாளருக்கு அத்தகைய ஒரு கண்ணாடி இருந்திருப்பின், அவர்தம் நிலை சற்றேனும் வேறாக அமைந்திருக்கும்.

ஏரீ அன்ட் ரீ நிறுவனம் வெளியிட்ட ‘சிஸ்டம் ஃபைவ்’ என்னும் யுனிக்ஸ் கிளை, இவ்வரிசைக்கு மற்றொரு தெளிவைத் தந்தது. அங்கே ‘எல்பிஅட்மின்’ என்னும் கட்டளையால் அச்சுப்பொறி சேர்க்கப்பட்டபின் இரு வாயில்கள் தனித்தனியே திறக்கப்படல் வேண்டும். புதிய வேலைகளை வரிசை ஏற்கின்றதா என்பது ஒரு வாயில். ஏற்றவற்றை அச்சுப்பொறி அச்சிடுகின்றதா என்பது மற்றையது. முதலாவது திறந்திருக்க இரண்டாவது மூடியிருப்பின், வேலைகள் வந்து குவியுமேயன்றி ஒரு தாளும் வெளிவராது. முதன்முறையாக அச்சுப்பொறி அமைப்போர் பலர் இடறுவது இவ்விடத்திலேயே. விண்ணப்பத்தை ஏற்றல் வேறு, அதனை நிறைவேற்றல் வேறு என்னும் உண்மையை இப்பொறிமுறை வெளிப்படையாக்கியது. ‘எல்பிஸ்டற்’ என்னும் கட்டளை இரு வாயில்களின் நிலையையும் பிரித்துக் காட்டும். மூடியதற்கான காரணத்தையும் நிருவாகி எழுதிவைக்கலாம்.

வரிசையிற் காத்திருந்த ஒருவரின் மனக்குறை உலகளாவிய இயக்கம் ஒன்றுக்கு வித்திட்டதும் இவ்வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது. மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்திலே றிச்சர்ட் ஸ்ரோல்மன், பழைய அச்சுப்பொறியின் நிரலைத் திருத்தி, தாள் சிக்கியதும் காத்திருப்போர்க்கெல்லாம் செய்தி செல்லுமாறு செய்திருந்தார். 1980 ஆம் ஆண்டளவில் வந்த புதிய சீரொக்ஸ் லேசர் அச்சுப்பொறியின் மூலநிரல் கிடைக்காமையால் அதனைத் திருத்த இயலவில்லை. பொறியை ஆள்வோர் அதன் நிரலைக் காணவும் மாற்றவும் உரியோர் என்னும் எண்ணம் அவருள் வலுப்பெற இது ஒரு காரணமாயிற்று. 1983 இல் அவர் அறிவித்த குனு திட்டம், பின்னாளில் லினக்ஸ் கருவுடன் இணைந்து, பொருள்வளம் குறைந்த நாடுகளின் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் கட்டணமின்றிக் கிடைத்தது.

பேர்க்கிலி முறையும் சிஸ்டம் ஃபைவ் முறையும் நெடுங்காலம் தனித்தனியே நின்றன. அவ்விரு மரபுக் கட்டளைகளையும் ஒரே கூரையின் கீழ்க் கொணர்ந்தது ‘கப்ஸ்’ என்னும் முறைமையாகும். மைக்கல் சுவீற் என்பார் 1997 இல் இதனைத் தொடங்கினார். 1999 இல் அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 2007 இல் அப்பிள் நிறுவனம் இதன் மூலநிரலை வாங்கிற்று. இன்றைய லினக்ஸ் கணினிகளிற் பெரும்பாலானவற்றில் அச்சு வரிசையை ஆள்வது இதுவே. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இலக்கம் இடப்படுகின்றது. வேலைகள் வட்டில் எழுதப்படுவதால் மின் நின்று மீண்டும் வந்தபின்னும் வரிசை அழிவதில்லை. 2022 இல் இலங்கையெங்கும் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்ததை எண்ணினால் இப்பண்பின் பெறுமதி புலனாகும். பிழை நேர்ந்தால் யாது செய்வது என்பதும் இங்கே நிருவாகியின் தெரிவாகும். பொறியை நிறுத்துக எனக் குறிப்பின், பிழையான ஒரு வேலைக்காகப் பின்னால் நிற்கும் அனைத்தும் தடைப்படும். அவ்வேலையைக் கைவிடுக எனக் குறிப்பின், வரிசை நகரும், ஆயின் ஒருவரின் தாள் அச்சாகாது போகும்.

இதுவரை கூறியவை முதலாம் வினாவைச் சார்ந்தவை. இரண்டாம் வினாவுக்கு விடை வரிசையில் இல்லை, வடிகட்டியிலேயே உள்ளது. வரிசை மொழி அறியாதது. தமிழ்க் கோப்பும் ஆங்கிலக் கோப்பும் அதற்கு ஒன்றே. ஆயின் வரிசையிலிருந்து எடுக்கப்பட்ட கோப்பை அச்சுப்பொறி விளங்கும் வடிவுக்கு மாற்றும் வடிகட்டி, எழுத்துருவையும் எழுத்தின் சேர்க்கையையும் அறிந்திருத்தல் வேண்டும். ‘கொ’ என்னும் எழுத்திலே ககரமும் உயிர்க்குறியும் என இரு குறிகளே சேமிக்கப்படுகின்றன. தாளிலோ ககரத்தின் இருபுறமும் குறி பிரிந்து நிற்றல் வேண்டும். குறிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் எளிய வடிகட்டிக்கு இது இயலாது. தமிழ் எழுத்துரு இல்லாவிடின் வெறும் கட்டங்களே அச்சாகும். வேலை ‘நிறைவேறியது’ எனப் பதிவேடு கூறும். கையிற் கிடைப்பதோ வாசிக்கவியலாத தாள்.

இச்சிக்கலைத் தவிர்க்கவே இலங்கையிற் பாமினி போன்ற எழுத்துருக்கள் நெடுங்காலம் வழங்கின. அவை உரோம எழுத்துக்களின் இடத்திற் தமிழ் வடிவங்களை வைத்தன. அவ்வெழுத்துரு உள்ள கணினியில் எல்லாம் செம்மையாகத் தோன்றும். இல்லாத கணினியிற் பொருளற்ற உரோம எழுத்துக் குவியலே எஞ்சும். 1991 இல் வெளிவந்த யூனிக்கோட் தமிழுக்கெனத் தனியிடம் வகுத்தது. இலங்கையும் பின்னர் அதனை அடியொற்றித் தனது தமிழ்க் குறிமுறை நியமத்தை வகுத்துக்கொண்டது. எழுத்துக்களைச் சேர்த்து, எழுத்துருவையும் உள்ளடக்கி, பீடிஎஃப் வடிவில் வரிசைக்கு அனுப்பின் அச்சுப்பொறி தமிழ் அறியாதிருப்பினும் தாள் பிழையின்றி வெளிவரும்.

இது வெறும் தொழினுட்ப நுணுக்கமன்று. 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டின் பதினாறாம் திருத்தம், பிரதேசப் பிரிவுகளை இருமொழி நிருவாகப் பிரிவுகளாக்க வழிசெய்தது. 1999 இற் பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் அவ்வாறு பிரகடனப்படுத்தப்பட்டன. சட்டம் ஒரு தாயின் கையிற் தமிழிற் பிறப்புச் சான்றிதழ் கிடைத்தல் வேண்டும் என்கின்றது. அச்சட்டம் நிறைவேறும் கடைசிக் கட்டம் அச்சுப்பொறியின் வாயிலே. அங்கே பெயரின் ஓர் எழுத்துப் பிறழ்ந்தால், அடையாள அட்டையிலும் பாடசாலைப் பதிவிலும் அப்பிறழ்ச்சி தொடரும். பெயர்களில் ஏற்பட்ட வேறுபாடுகளைத் தீர்ப்பதற்காக மலையகத்தார் அலைந்த அலைச்சல் தலைமுறை கடந்ததாகும்.

ஆகவே யுனிக்ஸ் அச்சு வரிசையை அமைத்தல் என்பது ஒரு சிறு நிருவாகத்தை அமைத்தலாகும். அச்சிடுவோர் தமது இடத்தை அறியக்கூடிய வரிசை, காரணம் கூறி மூடப்படும் வாயில், பிழை நேர்ந்தால் பிறரைத் தடுக்காததும் எவரையும் கைவிடாததுமான ஏற்பாடு, தமிழ் எழுத்தை அறிந்த வடிகட்டி ஆகியன அதன் உறுப்புகளாம். இவற்றை அறிந்தோர் தொலைவிலிருந்து வரவேண்டும் என்பதில்லை. 2005 இற் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் கணினி விஞ்ஞானத்தையும் கற்பிக்கின்றது. லினக்ஸும் கப்ஸும் யாவரும் திறந்து பார்க்கத்தக்க மூலநிரலை உடையன. துண்டுத் தாளை எழுதியோர் வேறு, அதனைச் சுமந்தோர் வேறு என்பதே தோட்டத்தின் பழைய வரலாறு. லயத்திற் பிறந்த பிள்ளை தன் ஊர் அலுவலகத்தின் அச்சு வரிசையைத் தானே அமைத்து, தன் மக்களின் பெயர் பிழையின்றி அச்சாவதை உறுதிசெய்யும் நாளில் அவ்வரலாற்றின் ஒரு பக்கம் மாறும்.